கரையில் குதித்த மேஸ்திரி

பத்து வயதில் நான் பெருமாளிடம் விடாமல் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: அக்கா சீக்கிரம் சாகவேண்டும். ஒருமுறை சன்னிதியில் கொஞ்சம் சத்தமாகவே வேண்டிவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மா என் காதைப் பிடித்துத் திருகினாள்.

"கூடப் பொறந்தவள சாவச் சொல்றியா, பாவி?"

டிவியில் அக்கா செத்தால்தான் எனக்கு ஆட்டம் வரும் என்று அழுதுகொண்டே விளக்கினேன். அம்மா அதைக் கேட்டுவிட்டு இன்னொரு காதையும் திருகினாள்.

சென்னையில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்து கொடுத்த பெட்டி அது. இரண்டு ரிமோட், ஒரு மஞ்சள் கேசட். கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கான ஆட்டம் என்று போட்டிருந்தது. உள்ளே இருந்தது நாலைந்துதான். அவையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்தன. அதில் முதல் ஆட்டம்தான் எங்கள் உயிர். தொப்பியும் மீசையுமாக ஒரு குள்ள ஆள் வலப்பக்கமாக ஓடுவான். பள்ளத்தைத் தாண்டுவான், எதிரே வருவதையெல்லாம் மிதிப்பான், செங்கல்லைத் தலையால் முட்டி உடைப்பான், ஒவ்வொரு கோட்டையாகத் தாண்டிப் போவான். அந்தச் சமயம் எதிர்வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரிக்கும் அதே மீசை. ஆகவே இவனுக்கும் மேஸ்திரி என்றே பெயர் வைத்துவிட்டோம்.

இரண்டு பேர் ஆடலாம், ஆனால் சேர்ந்து ஆட முடியாது. முதல் ஆள் விழுந்து செத்தால் இரண்டாவது ஆளுக்கு முறை. முதல் ரிமோட் எப்போதும் அக்காவிடம். அவளுக்குப் பதினாலு வயது, அவள் சாகவே மாட்டாள். என் ரிமோட்டில் ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பொத்தான்கூடக் கிடையாது. அதுவும் அவள் கையில்தான். நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானைச் சும்மா சும்மா அழுத்திக்கொண்டிருப்பேன். அவள் ஆடுவதை நான் ஆடுவதாக நினைத்துக்கொள்ளும் அளவுக்கு முட்டாளாக நான் இல்லை. ஆனாலும் அழுத்துவேன்.

இந்தக் கொடுமையும் மாதத்துக்கு ஒரே ஒரு நாள்தான். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு ஒரே கூடம், கூடத்தில் தறி, தறிக்கு எதிரே டிவி. தறி ஓடும்போது டிவி போட்டால் அப்பாவுக்குக் கை பிசகும். எங்கள் ஊரில் அமாவாசை அன்று தறி ஓட்டமாட்டார்கள். அன்று மட்டும் கூடம் எங்களுக்கு. ஆடியதைச் சேர்த்துவைக்கும் வசதி அந்தப் பெட்டியில் கிடையாது. போன அமாவாசை எவ்வளவு தூரம் போயிருந்தாலும் இந்த அமாவாசை முதல் பள்ளத்திலிருந்துதான் தொடங்கவேண்டும். ஊரே முன்னோர்களுக்குப் படையல் போட்டுக்கொண்டிருக்கும்போது நாங்கள் மேஸ்திரியைக் கோட்டைக்கு அனுப்பிக்கொண்டிருப்போம்.

அப்படி ஓர் அமாவாசை அன்றுதான் எங்கள் சண்டை ஆரம்பித்தது. அக்கா முதல்முறையாகக் கடைசிக் கோட்டைக்குள் நுழைந்திருந்தாள். சரியாக அந்த நேரத்தில் அம்மா என்னைப் பாயசத்துக்குப் பால் வாங்க அனுப்பினாள். ஓடினேன். திரும்பி வரும்போது தெருமுனையில் கோயில் யானை நின்றுகொண்டிருந்தது. யானை நின்றால் நானும் நிற்பேன், அது என் கைமீறிய விஷயம். வீட்டுக்கு வந்தபோது டிவி இருட்டாக இருந்தது. அக்கா கணக்கு நோட்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முடிச்சிட்டேன்" என்றாள்.

"கடைசிக் கோட்டையவா? கடைசில என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. நல்லா இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். நான் பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். எனக்கு ஆட்டம் தராதது போகட்டும், முடிவைப் பார்க்கக்கூட எனக்காகக் காத்திருக்கவில்லையே என்று. ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அடுத்த அமாவாசைக்குப் பெட்டியைப் போட்டால் புகை வந்தது. அதோடு மேஸ்திரியின் கதை முடிந்தது. என் கோபம் முடியவில்லை. வருடக்கணக்காக எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் "நீதான் என்னை விட்டுட்டு முடிச்சவளாச்சே" என்பதில்தான் கொண்டுபோய் நிறுத்துவேன்.

இந்த ஆட்டத்தை ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்கிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்த வரிசையில் புதிது புதிதாக இன்னமும் வந்துகொண்டிருக்கிறது, பிள்ளைகள் இன்னமும் வாங்குகிறார்கள். எனக்குத் தெரிந்த காரணம், அதில் ஏமாற்று இல்லை. பள்ளம் போன மாதம் எங்கே இருந்ததோ இந்த மாதமும் அங்கேதான் இருக்கும். எங்கள் தெருவில் அப்படியா? நேற்று இல்லாத பள்ளம் இன்று இருக்கும், பழகிய பள்ளத்தை மூடிவிட்டுப் பக்கத்தில் தோண்டியிருப்பார்கள். ஆட்டத்தில் விழுந்தால் உங்கள் அவசரம்தான் காரணம். மாமியார், முதலாளி, ஏழரைச் சனி என்று யார்மேலும் பழி போட முடியாது. அது பெரிய நிம்மதி. அதைவிடப் பெரிய நிம்மதி, செத்த மறுநிமிடம் யாரும் துக்கம் விசாரிக்க வராமல் முதலிலிருந்து ஓடலாம்.

இன்னொன்றும் உண்டு. அது உடம்பில் ஏறிவிடும். மேஸ்திரி குதித்தால் ஆடுகிறவரும் குதிப்பார். ரிமோட்டைத் தூக்கினால் அவன் இன்னும் உயரமாகப் போவான் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் தூக்காத ஆளை நான் பார்த்ததில்லை. அக்கா கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து இடுப்பை ஒரு சாண் தூக்குவாள். பெரிய பள்ளமாக இருந்தால் இரண்டு சாண். அதைப் பார்ப்பதற்காகவே நான் உட்கார்ந்திருந்தேன் என்றால் அவள் நம்பமாட்டாள்.

பெரியவர்களான பிறகு அக்கா கணக்கு டீச்சரானாள். கல்யாணமாகி செவிலிமேட்டில் வீடு கட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகளின் பையிலிருந்து செல்போனைப் பிடுங்குவதில் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பெரிய பெயர். வீடியோ கேம் ஆடினால் மூளை மழுங்கிவிடும் என்பது அவளுடைய நிரந்தரப் பிரசங்கம். "நீ ஆடாததா?" என்று கேட்டால், "நானா? எப்போ?" என்பாள், முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல். தன் மகளைப் பார்க்க வந்த மாப்பிள்ளைப் பையனுக்கே அரை மணி நேரம் அந்தப் பிரசங்கத்தைச் செய்தாள். அவன் அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "இப்படி ஒரு கண்டிப்பான வீட்ல பொண்ணு எடுக்கணும்னுதான் இருந்தேன்" என்றார், சம்பந்தம் அன்றே முடிவானது.

நான் என்ன ஆனேன் என்றால், கட்டம் போடுகிறவளானேன். பட்டுப்புடவைக்கு டிசைன் வரைவது என் வேலை. முன்பு கிராஃப் தாளில், இப்போது கம்ப்யூட்டரில். ஒரு கட்டம் என்றால் ஓர் இழை. மயிலோ மாங்காயோ எல்லாமே கட்டங்கள்தான். அதன்படி அட்டைகளில் துளை போட்டு, கோத்துத் தறிக்கு மேலே மாட்டுவார்கள். அட்டை ஒரு சுற்றுச் சுற்றி முடிந்ததும் மறுபடி முதல் அட்டை வரும், மறுபடி அதே மயில் வரும். மேஸ்திரியும் கட்டத்தால் ஆனவன் என்பது தொழிலுக்கு வந்த முதல் வாரமே எனக்குப் புரிந்துவிட்டது. மீசைக்கு நாலு கட்டம் போதும்.

இடையில் ஒரு திருட்டுத்தனமும் செய்திருந்தேன். அந்தப் பழைய ஆட்டத்தைப் போனில் இறக்கி, டவுன் பஸ்ஸில் போகவும் வரவும் ஆடி, நானே முடித்துவிட்டேன். முடிவில் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனாலும் பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

அக்கா மகளின் முகூர்த்தப் புடவையை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுக்கவேண்டும். "தங்கச்சி இந்தத் தொழில்ல இருக்கும்போது நாங்க எதுக்குக் கடை ஏறணும்? அவங்களே நெய்யறதுக்குச் சொல்லட்டும்" என்று சம்பந்தியம்மா என்னிடம் விட்டுவிட்டார். அரக்கு உடல், கரையில் சரிகை மயில் வரிசை. எல்லாம் வரைந்து முடித்த பிறகு எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரே ஒரு மேஸ்திரி. புடவையின் உள் தலைப்பில், இடுப்பில் செருகினால் யார் கண்ணிலும் படாத இடத்தில். கல்யாணம் முடிந்து ஒருநாள் அக்காவிடம் மடித்துக் காட்டி, "இவன் யாருன்னு தெரியுதா?" என்று கேட்கவேண்டும். அவள் முகம் போகும் போக்கைப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

மேஸ்திரிக்கான அட்டைகளைத் தனிக்கட்டாகக் கட்டி, "ஒரு தடவை மட்டும் ஓட்டிட்டுக் கழற்றிடவும்" என்று சீட்டு எழுதிச் செருகித் தறிக்காரர் வீட்டுக்கு அனுப்பினேன். முகூர்த்த சீசன், என்னிடம் ஏழு டிசைன் நின்றுகொண்டிருந்தது. தறியில் ஏறிய பிறகு ஓர் எட்டுப் போய்ப் பார்த்திருக்கவேண்டும். போகவில்லை. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது புடவையை வாங்கி விரித்தேன். ஐந்து மயிலுக்கு ஒரு மேஸ்திரி, கீழ்க்கரை மேல்கரை இரண்டிலும், ஆறு கஜமும் குதித்துக்கொண்டிருந்தான்.

"சீட்டு எழுதி வெச்சிருந்தேனேண்ணா!"

"சீட்டா? சின்னவன் எதையோ எடுத்துக் கப்பல் வுட்டுக்கினு இருந்தான். அதுவா?" என்றார் தறிக்காரர். "நான் எல்லா அட்டையும் சேத்துக் கோத்துட்டேன்மா. நல்லாத்தான் இருக்குது. பூத கணம்தானே? கைலாசநாதர் கோயில்ல கீழ் வரிசையில பாத்திருக்கேன்."

இன்னொன்று நெய்ய நாள் இல்லை. நூற்றுக்கு மேல் மேஸ்திரிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செவிலிமேட்டுக்குப் பஸ் ஏறினேன். சரிகையில் நிறம் தெரியாது, யாருக்கும் புரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா வீட்டில் சம்பந்தியம்மா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். பாலாற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமம், பழைய விவசாயக் குடும்பம், இப்போது செங்கல் சூளை வைத்திருக்கிறார்கள். வணங்கிவிட்டுப் புடவையை விரித்தேன். கல்யாணப் பெண் ஒரே ஒரு தடவை குனிந்து பார்த்தாள். மறுகணம் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். அவள் இந்த ஆட்டத்தின் புது வரிசைகளை அம்மாவுக்குத் தெரியாமல் ஆடி வளர்ந்தவள். அக்கா சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தாள்.

சம்பந்தியம்மா கரையை விரலால் தடவினார். முகம் மலர்ந்தது.

"ஆஞ்சநேயரு! தாவுறாரு பாரேன்!" என்று கரையைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். பாதி மூச்சுதான் வெளியே வந்திருக்கும், அதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

"ஆனா கரையில இல்ல இருக்காரு? காலுகிட்ட படுமேமா. சாமிய எப்படிமா காலுகிட்ட கட்றது?" புடவையைக் கீழே வைத்துக் கையை எடுத்துவிட்டார். "மனசு ஒப்பல. தப்பா நெனைக்காதீங்க. வேற பொடவ பாத்துக்கலாம்."

பெண்ணின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. சாமி என்றால் புடவை போச்சு. சாமி இல்லை என்றால் அது யார் என்று சொல்லவேண்டும். முகூர்த்தப் புடவையில் வீடியோ கேம் பொம்மையை ஓடவிட்டவள் என்ற பெயரோடு இந்த ஊரில் நான் யாருக்கு இன்னொரு டிசைன் வரைவேன்? பெண்ணை வேறு புடவையில் உட்கார வைத்தால் அக்கா என்னை இந்த ஜென்மத்தில் மன்னிக்கமாட்டாள். சத்தியமாக எனக்கு அழுகை வந்தது.

எல்லாம் காதில் விழுந்திருக்கவேண்டும், காபித் தட்டோடு அக்கா வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள், தட்டை வைத்தாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு கரையைத் தூக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தெரிந்துகொண்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், அவள் மானம் பிழைத்துவிடும். அவள் யாருக்குப் பிரசங்கம் செய்தாளோ அந்த மாப்பிள்ளையின் அம்மா எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

"இது சாமி இல்லீங்க சம்பந்தி" என்றாள் அக்கா. "இவன் எங்க மேஸ்திரி."

"எந்த மேஸ்திரி?"

"டிவில ஆட்ற ஆட்டம். சின்ன வயசுல நான் ஆடினது. இப்படி ஓடுவான், பள்ளம் வரும். அப்ப..." என்று சொல்லிக்கொண்டே என் கணக்கு டீச்சர் அக்கா கீழ் உதட்டைக் கடித்தாள். இரண்டு கையையும் சேர்த்துத் தூக்கினாள். நாற்காலியிலிருந்து இடுப்பு சரியாக ஒரு சாண் எழும்பியது. "தாண்டினதும் மேல செங்கல் இருக்கும், தலையால முட்டி ஒடைப்பான்."

சம்பந்தியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தச் சூளக் கல்லுமா அது, தலையில முட்டினா ஒடையுது?"

பெண் முதலில் சிரித்தாள், பிறகு நான், கடைசியில் சம்பந்தியம்மாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இன்னும் மேஸ்திரியின்மேல் விரலை வைத்திருந்தாள்.

"சாமி இல்லன்னா சரி, காலுகிட்ட கெடக்கட்டும்" என்று சம்பந்தியம்மா காபியை எடுத்துக்கொண்டார். "அது சரி, அந்த ஆட்டத்துல கடைசில என்ன ஆவும்?"

"தெரியாதுங்க" என்றாள் அக்கா.

நான் சும்மா இருப்பேனா? "தெரியாதா? நீதான் முடிச்சியே! நான் பால் வாங்கப் போனப்போ!"

"எங்க முடிச்சேன்? கடைசிப் பாலத்துகிட்ட போய் நிறுத்தி வெச்சேன். நீ வந்தப்புறம் தாண்டலாம்னு. நீ யானையப் பாத்துக்கினு நின்ன. கரண்ட் போச்சு."

கணக்கு நோட்டால் அவள் விசிறிக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஃபேன் ஓடவில்லை. அதை நான் பார்த்தேன், பார்த்தும் இத்தனை வருடம் ஒன்றும் தோன்றவில்லை.

"ஏன்டி பொய் சொன்ன?"

"உன்னாலதான் போச்சுன்னு தெரிஞ்சா நீ இன்னும் அழுவ. அதுக்கு எம்மேல கோவமா இருந்தா பரவால்லன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு டீச்சர் குரலில், "காபி ஆறுது, எல்லாரும் குடிங்க" என்றாள்.

"சித்தி, உங்களுக்குத் தெரியுமா கடைசில என்னன்னு?" என்று பெண் கேட்டாள். பஸ்ஸில் கண்ணைத் துடைத்தது தொண்டைவரை வந்தது.

"தெரியாதே" என்றேன்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. பந்தியில் இரண்டு பேர் கரை டிசைனைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள், ஒருவர் அவனைப் பூத கணம் என்றார், ஒருவர் மீசைக்காரத் தாத்தா என்றார். பெண் புருஷன் வீட்டுக்குப் போகும்போது தன் கேம் பெட்டியை அம்மாவிடமே விட்டுவிட்டுப் போனாள். பழைய ஆட்டமும் அதற்குள் இருந்தது.

ஒரு புதன்கிழமை அக்கா போன் செய்தாள். "நாளைக்கு அமாவாசை, வா" என்றாள், வைத்துவிட்டாள்.

போனேன். வாசலிலேயே அவள் வீட்டுக்காரர், "வாம்மா, நீ வந்தாத்தான் எனக்கு விடிவு. நாலு நாளா நியூஸ் பாக்கல" என்றார். உள்ளே டிவியில் கடைசிக் கோட்டை. பாலத்துக்கு முன்னால் மேஸ்திரி அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.

"எப்பலேருந்து இப்படி வெச்சிருக்க?"

"ஞாயித்துக்கிழமலேருந்து."

"இந்தப் பெட்டில சேத்து வெச்சுட்டு அணைக்கலாம்டி!"

"அதெல்லாம் நம்ப முடியாது. இன்வர்ட்டர் இருக்குது. உக்காரு."

உட்கார்ந்தேன். அவள் பொத்தானை அழுத்தினாள். உதட்டைக் கடித்தாள், இடுப்பு இரண்டு சாண் எழும்பியது, என் இடுப்பும் எழும்பியது. மேஸ்திரி தாண்டினான். கடைசியில் என்ன ஆகுமோ அது ஆனது. பார்த்த முடிவுதான், ஆனால் நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அதை நடிக்கவேண்டியிருக்கவில்லை. அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "ஒண்ணும் பெருசா இல்ல, இல்ல?" என்றாள். "இல்ல" என்றேன். சற்று நேரம் இருவரும் ஆட்டத்தின் முடிவில் வரும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு அவள் ரிமோட்டை என் மடியில் வைத்தாள். முதல் ரிமோட்.

"இந்தா. உன் ஆட்டம்."

பத்து வயதில் பெருமாளிடம் கேட்டது கைக்கு வந்துவிட்டது, அதுவும் யாரும் சாகாமல். ஓடினேன், குதித்தேன், முதல் பள்ளத்திலேயே விழுந்தேன்.

"குடு இப்படி" என்று பிடுங்கிக்கொண்டாள்.